படியெடுப்பதா? படைப்பதா?

பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல், இரண்டாம் ஆண்டு

செங்கல் சூளையில் கல் அறுப்பவர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் கையால் பிடித்துப் பிடித்து வடிவம் கொடுப்பதில்லை. அவர்கள் கையில் மரத்தாலான ஓர் அச்சு உண்டு. குழைத்த மண்ணை அதில் அடித்துக் கவிழ்த்தால், ஒரே அளவில் கல் விழும். என் பெற்றோர் அந்தத் தொழில் செய்துதான் என்னைப் படிக்க வைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறியின் முன் அமரும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும்: எழுத்தறியாத அவர்கள் கையில் அச்சு இருக்க, படிக்க வந்த நம் கையில் அது ஏன் இல்லை?

சி மொழியில் எந்த நிரலை எழுதினாலும் தொடக்கத்தில் சில வரிகள் மாறாமல் வரும். அவற்றில் நம் சிந்தனை எதுவும் இல்லை. எனினும் ஒரு புள்ளி தவறினாலும் நிரல் ஓடாது. தமிழ் வழியில் பயின்று, வீட்டில் கணிப்பொறி இல்லாமல், எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டும் என் போன்றோருக்கு ஆய்வுக்கூட நேரத்தில் பெரும்பகுதி இவ்வரிகளிலேயே கரைந்துவிடுகிறது. கணக்கைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கும்போது மணி அடித்துவிடுகிறது!

இதற்கு நம்மவர்கள் கண்ட வழி, பழைய கோப்பைப் படியெடுத்து ஆங்காங்கே திருத்துவது. நானும் அதைச் செய்து பட்டிருக்கிறேன். ஸ்டாக் என்னும் அடுக்குக்கு ஒன்று, கியூ என்னும் வரிசைக்கு ஒன்று என இரண்டு தலைப்புக் கோப்புகள் எழுதினேன். ஒரே கோப்பு இருமுறை படிக்கப்படாமல் தடுக்க, அதன் தலையில் ஒரு காவல் பெயர் இடுவது வழக்கம். அப்பெயர் முன்பே வந்திருந்தால் கம்பைலர் அக்கோப்பின் உள்ளடக்கத்தைத் தாண்டிப் போய்விடும். ஸ்டாக் கோப்பைப் படியெடுத்துக் கியூ கோப்பாக்கிய நான், எல்லாவற்றையும் மாற்றினேன். காவல் பெயரை மாற்ற மறந்தேன். விளைவு? இரண்டாம் கோப்பை முழுதும் தாண்டிச் சென்ற கம்பைலர், கியூ என்ற ஒன்றையே தான் அறியேன் என்று சாதித்தது. அன்றைய வகுப்பு முழுவதும் அந்த ஒரு பெயரைத் தேடுவதிலேயே போயிற்று.

இத்துன்பத்துக்கு மருந்து நெடுங்காலமாகவே இருக்கிறது. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் பிறரும் சேர்ந்து உருவாக்கியது ஈமாக்ஸ் என்னும் உரைத் திருத்தி. 1985இல் ஸ்டால்மன் வெளியிட்ட குனு ஈமாக்ஸ், லிஸ்ப் மொழியால் நம் விருப்பப்படி வளைக்கத்தக்கது. அதில் ஆட்டோ இன்சர்ட் என்னும் வசதியை இயக்கிவிட்டுப் புதிய தலைப்புக் கோப்பு ஒன்றைத் திறந்தால், அது நம் இசைவைக் கேட்டு, கோப்பின் பெயரையே பெரிய எழுத்தாக்கிக் காவல் பெயராக இட்டு, நாம் எழுத வேண்டிய இடத்தில் கர்சரை நிறுத்துகிறது. நான் செய்த பிழைக்கு அங்கே இடமே இல்லை! ஸ்கெலிட்டன் என்னும் வசதியால் நமக்கு வேண்டிய அச்சுகளை நாமே செய்துகொள்ளவும் இயலும். விலையும் கிடையாது.

“இதெல்லாம் வல்லுநர்க்கு உரியது, நமக்கேது?” என்று தயங்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. மல்டிக்ஸ் கணிப்பொறிகளுக்காக பெர்னார்ட் கிரீன்பெர்க் என்பவர் லிஸ்ப் மொழியில் ஓர் ஈமாக்ஸ் எழுதினார். அவருடைய அலுவலகச் செயலர்கள், அதை விரிவாக்கும் முறையைச் சொல்லும் ஒரு கையேட்டைப் படித்துத் தாங்களே புதிய கட்டளைகளை எழுதினார்களாம். அக்கையேட்டில் ‘இது நிரலாக்கம்’ என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆதலால் அவர்கள் அஞ்சவில்லை. 2002இல் ஆற்றிய ஓர் உரையில் ஸ்டால்மனே இதைக் கூறியிருக்கிறார். தட்டச்சுக்கு மட்டுமே உரியவர்கள் என்று தம்மைக் கருதியிருந்தவர்கள் நிரலாளர் ஆயினர். நம்மால் ஆகாதா?

கையால் எழுதினால்தான் மனத்தில் நிற்கும் என்று ஆசிரியர்கள் கூறுவர். அதை நான் மறுக்கவில்லை. மண்ணின் பதம் அறியாதவன் கையில் எத்தனை நல்ல அச்சைக் கொடுத்தாலும் கல் வெடித்துத்தான் போகும். பொருள் புரியாத வரியை அச்சில் ஏற்றினால், ஒரு பிழை நூறு பிழையாகப் பெருகும். ஆகவே முதற்பருவம் முழுவதும் கையாலேயே எழுதுவோம். ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த பின், அதை அச்சில் ஏற்றுவோம்.

செயற்கை நுண்ணறிவு நிரலையே எழுதித் தரும் இந்நாளில் அச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அது தருவது பிறர் வார்த்த கல். இன்று ஒரு விதம், நாளை ஒரு விதம். நான் செய்த அச்சோ என்றும் ஒன்றையே தரும். அதன் ஒவ்வொரு மூலைக்கும் காரணம் எனக்குத் தெரியும். பிழை நேர்ந்தால் திருத்தவும் என்னால் முடியும்.

எனவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள்: மூன்றாம் பருவத்தில் ஒரு வாரத்தையேனும் உரைத் திருத்தியைக் கற்பிக்க ஒதுக்குங்கள். தன் அச்சைத் தானே செய்த மாணவனைக் குறுக்குவழி தேடியவனாக எண்ணாதீர்கள். நண்பர்களே, நாம் படியெடுக்க வந்தவர்கள் அல்லர், படைக்க வந்தவர்கள். மாறாததைப் பொறியிடம் விடுவோம். சிந்திக்கும் வேலையை நாம் வைத்துக்கொள்வோம்!