கட்டையும் பெல்ட்டும்

இரண்டாவது பிரசவத்திலிருந்தே எனக்கு இடுப்புவலி. குனிந்தால் கணுக்கால்கூட எட்டாது. 46 வயதில் யோகாவா என்று வீட்டில் ஒரே கேலி!

நான் சேர்ந்தது ஐயங்கார் முறை வகுப்பில். புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் வளர்த்த முறை இது. அவசரமே கிடையாது, ஒரே ஆசனத்தில் நிதானமாக நிற்க வேண்டும். எட்டாத இடத்துக்குக் கட்டை, பெல்ட், மடித்த போர்வை.

திரிகோணாசனத்தில் என் கை தரைக்கு எட்டவில்லை. டீச்சர் காலருகே மரக்கட்டையை நிறுத்தினார். அதில் கையை ஊன்றியதும் நெஞ்சு விரிந்து மூச்சு தாராளமாக வந்ததே, அப்பாடா!

3 மாதமாயிற்று. வலி அடியோடு போகவில்லை. ஆனால் வீடு பெருக்கி நிமிரும்போது "அம்மாடி" என்று கத்துவதில்லை. வீட்டில் பெல்ட்டுக்குப் பதில் அவருடைய பழைய வேஷ்டிதான்!

பிரசவமான பச்சை உடம்புக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். மாதவிலக்கு நாட்களில் தலைகீழ் ஆசனம் கூடவே கூடாது என்று எங்கள் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.