தோட்டத்துத் தபாலும் முதன்மை எண்ணும்

கணினித் துறையிற் பணியாற்றும் எமது பழைய மாணவர் ஒருவர், இயந்திரங்கள் செய்திகளைக் கையாளும் முறையை அண்மையில் எனக்கு விளக்கினார். பெறுநர் ஆயத்தமாகும்வரை செய்தி ஓரிடத்திற் சேமித்து வைக்கப்படும். இடையில் மின்சாரம் நின்றாலும் அழியாதபடி எழுதிவைக்கலாம். ஜாவா செய்திச் சேவை என்னும் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 9 வரை ஒரு முதன்மை எண் உண்டு. அனுப்புபவர் ஒன்றும் குறியாவிடின் அது 4. இன்ன நேரத்தின் பின் பயனில்லை என்று காலாவதியும் குறிக்கலாமாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தோட்டத்து ஆபீஸ் மேசையே கண்முன் நின்றது.

இன்றும் பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் எழுதிய கடிதம் ஆபீஸுக்கு வரும். அங்கிருந்து யாரேனும் மலைக்குச் செல்லும்போது லயத்துக்குப் போகும். ஒரே டிவிஷனில் மூன்று முனியாண்டிகள் இருந்தால் எந்த முனியாண்டிக்கு என்பதும் ஒரு கேள்வி! 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக்கியது. அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்களுக்குக் கடிதமன்றி வேறு உறவுப் பாலம் ஏது?

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்திக்குக் கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் வந்தது. அவள் கைக்கு அது கிட்டியபோது பரீட்சை முடிந்து நான்கு நாட்கள். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதேன். எவரும் வேண்டுமென்று செய்ததன்று. கொழுந்துக் கணக்கும் சம்பளப் பட்டியலும் மேலே இருந்தன, கடிதம் அடியிற் கிடந்தது. அவ்வளவே. அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டினாள்.

இங்கேதான் என் வழக்கு. இயந்திர முறையில் அவசரத்தைக் குறிப்பவர் அனுப்புபவர். இடையில் வைத்திருப்பவர் இயன்றவரை அதற்கேற்ப நடக்கிறார். எமது மலைகளிலோ வைத்திருப்பவரின் வசதியே முதன்மை எண். கிளாக்கர் ஐயாவைக் குறைகூறிப் பயனில்லை. அவருக்கு வேலை மிகுதி என்பதை அறிவேன். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் கொடுத்துத் தபால்காரரே நேரில் வருதல் தொழிலாளரின் உரிமை. யாரும் இரங்கி அளிக்கும் சலுகையன்று. அது கைகூடும்வரை, வந்த தேதியும் கொடுத்த தேதியும் எழுதும் ஒரு பதிவேடு ஆபீஸில் இருக்கட்டும். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று போதும்.

எம் உயர்தர வகுப்பு மாணவர் விண்ணப்பங்களிற் பாடசாலை முகவரியையே எழுதலாம். பதிவேட்டை நானே எழுதுகிறேன்; விடுமுறை நாட்களில் வந்து பார்க்கப் பழைய மாணவர் இருவர் முன்வந்தாற் போதும்.