முதலில் டாக்டர், கடைசியில்தான் டிக்கெட்

எங்கள் தலைமுறைக்கு ஆப்பிரிக்கக் காடு என்றால் 'ஹட்டாரி' படம்தான். 1962-இல் வந்தது. காண்டாமிருகத்தை ஜீப்பில் துரத்துவார்கள். யானைக்குட்டிகள் ஒரு பெண்ணின் பின்னாலேயே நடந்து போகும். அன்றைக்கு அது வெறும் சினிமா. இன்றைக்கு நம் வயதுக்காரர்கள் பென்ஷன் சேமிப்போடு பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும் சேர்த்து, நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நல்ல விஷயம். போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஏற்பாடுகளைச் செய்கிற வரிசை தப்பாக இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

இப்போது என்ன நடக்கிறது? முதலில் தேதி. பிறகு விமான டிக்கெட். பிறகு தங்குமிடம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "ஏதோ ஊசி போடணுமாமே?" என்று ஒரு போன். முப்பது வயதுக்காரருக்கு இந்த வரிசை பெரிய கெடுதல் செய்யாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது தலைகீழ். முதலில் டாக்டர், அடுத்து எந்த நாடு, எந்த வழி என்ற முடிவு, அதன்பின் ஊசி, கடைசியில் டிக்கெட். இதுதான் நமக்குச் சரியான வரிசை.

கோவிட் காலத்தில் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். காகிதம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து திரும்ப முடியவில்லை. அந்தக் கெடுபிடி போனதும் எல்லாக் கெடுபிடியும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கோவிட்டுக்கு வெகு காலம் முன்பே இருந்தது, இன்றும் இருக்கிறது. மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசுவால் பரவும் வைரஸ் காய்ச்சல்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து நேராகக் கென்யா போகிறவரிடம் கென்யாக்காரர்கள் இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. ஏனென்றால் இந்தியாவில் அந்த நோய் கிடையாது. கேட்பது நம் ஆட்கள்தான், திரும்பி வரும்போது, நம் விமான நிலையத்தில். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா போன்ற நாடுகளை விட்டுக் கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவுக்குள் வருகிறவரிடம் மஞ்சள் அட்டை இல்லையென்றால், அந்த ஆறு நாள் முடியும்வரை தனிமையில் வைக்கலாம். அதில் நியாயமும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும். நம் ஊரில் அந்தக் கொசுவுக்குப் பஞ்சமா? வைரஸ் ஒன்றுதான் இங்கே இல்லை. அது வராமல் இருக்க இந்தக் காவல்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். முன்பெல்லாம் பத்து வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். 2016 ஜூலை 11 முதல் ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். எந்த டாக்டரிடமும் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்த நாளில் போடுகிறார்கள், முன்பதிவு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். அட்டையில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். நம் இனிஷியல் விவகாரம்தான் தெரியுமே. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், அட்டையில் ஒற்றை எழுத்து இருக்கும். அங்கேயே பார்த்துத் திருத்திக்கொண்டு வாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த ஊசி, உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு நரம்பையோ உள்ளுறுப்புகளையோ தாக்கும் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அபூர்வம்தான், ஆனாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், புற்றுநோய்க்கு கீமோ எடுக்கிறவர்கள், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள் போடவே கூடாது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரையோ, பெரிய அளவில் ஸ்டீராய்டோ சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த மையத்தின் படியே ஏறக்கூடாது.

எங்கள் காலை நடைக் கோஷ்டியில் ஆறு பேர் மசாய் மாரா போகத் திட்டம் போட்டோம். ஆறு பேருமே அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். ஒருவர் மூட்டுவலிக்கு அந்த மாத்திரை சாப்பிடுகிறவர். அவருடைய டாக்டர் ஊசி கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். விலை கேட்டு வைத்திருந்த டூர் ஏஜென்ட்டிடம் சொன்னோம். "அதனால என்ன சார், ஊசி போடாமலே அட்டை வாங்கித் தந்துடறோம், எல்லாரும் செய்யறதுதான்" என்றார், பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்துத் தருகிற மாதிரி. அந்த இடத்திலேயே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

இதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. பொய் அட்டை குற்றம் என்பது ஒரு பக்கம். அதைவிட, ஊசி போட முடியாதவர் உடம்பு, அந்தக் காய்ச்சல் வந்தால் தாங்க முடியாத உடம்பு. அவரைப் பாதுகாப்பில்லாமல் நோய் இருக்கும் நாட்டுக்கு அனுப்பிவிட்டு, கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தால் கொசு அதைப் படித்துப் பார்த்துவிட்டா கடிக்கும்?

நேர்மையான வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, மருத்துவக் காரணத்தால் ஊசி போட இயலாது என்று அதே சர்வதேச அட்டையில் டாக்டர் எழுதிக் கையெழுத்திடுவது. ஆனால் உள்ளே விடுகிற நாட்டு அதிகாரி அதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். கொசு ஆபத்தும் அப்படியே இருக்கும். இரண்டாவது, நாட்டையே மாற்றிக்கொள்வது. இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். தென் ஆப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா ஆகியவை மஞ்சள் காய்ச்சல் நாடுகள் அல்ல. சிங்கமும் யானையும் அங்கேயும் இருக்கின்றன. குரூகரில் மலேரியா உண்டு. ஆனால் அதே தென் ஆப்பிரிக்காவில் பிலானஸ்பர்க், மடிக்வே என்ற சரணாலயங்கள் மலேரியாவும் இல்லாதவை. நாங்கள் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறோம். ஐந்து பேர் கென்யா போய், ஒருவரை வீட்டில் விட்டுவிட்டு வருவதில் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் அங்கே போகிற வழி முக்கியம். மஞ்சள் காய்ச்சல் நாட்டு விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தால், தென் ஆப்பிரிக்காவில் அட்டை கேட்பார்கள். திரும்பும்போது நம் சட்டமும் குறுக்கே வரும். அப்படிப்பட்ட நாட்டில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறியவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை நம் சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே ஊசி போடாதவர், டிக்கெட் சில ஆயிரம் மலிவு என்று அடிஸ் அபாபா வழியோ நைரோபி வழியோ எடுக்க வேண்டாம். துபாய், தோஹா வழியில் இந்தத் தொல்லை இல்லை. ஏஜென்ட் விலையைப் பார்த்து வழி சொல்வார். நாம் அட்டையைப் பார்த்து வழி சொல்ல வேண்டும்.

ஊசிக்கு டாக்டர் சம்மதித்துவிட்டால் கென்யாவுக்கே போகலாம். மும்பையிலிருந்து நைரோபிக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். விசாவுக்குப் பதில் 2024 ஜனவரி முதல் இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி வாங்க வேண்டும். மாராவோடு செரங்கட்டியும் சேர்த்துப் போகிறவர்கள் கவனிக்க: கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும்போது மஞ்சள் அட்டை கேட்பார்கள். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம்; வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானத்தில் முக்கால் மணி. முதுகுவலிக்காரர்கள் விமானத்துக்கே செலவழியுங்கள். அதில் கைப்பை உட்பட பதினைந்து கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். இன்னொன்று, கென்யாவில் 2017 முதல் பாலிதீன் கைப்பைகளுக்குத் தடை. முறுக்கையும் தட்டையையும் டப்பாவில் எடுத்துப் போங்கள்.

மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை இருக்கிறது. எந்த மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்துவிட்டோமே என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வந்த பிறகு சில மாதம் கழித்துக் காய்ச்சல் அடித்தாலும், "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதுதான் டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்.

மற்ற மாத்திரைகளைப் பற்றியும் அதே நாளில் பேசிவிடுங்கள். கென்யா நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இன்சுலின் போடுகிறவர்கள் வேளையை எப்படி மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் பிரஷர் மாத்திரை உண்டா? காலை ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறினால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. புதருக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாதே. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, நம்மில் பாதிப் பேருக்கு இதுதான் நிஜக் கவலை. வேளையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பயண இன்சூரன்சில் இருக்கிற வியாதியை மறைக்காமல் எழுதுங்கள். காட்டிலிருந்து விமானத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நைரோபியில் 1957 முதல் பறக்கும் டாக்டர்கள் சேவை நடக்கிறது. அப்படி ஒரு சேவைக்குத் தேவை இருக்கிறது என்பதே நமக்கு ஒரு தகவல்தானே.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அறுபதாம் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அப்பா அம்மாவுக்கு ரகசியமாக சஃபாரி டிக்கெட் எடுத்து ஆச்சரியப்படுத்துகிறீர்கள். அன்பு புரிகிறது. ஆனால் டிக்கெட் கைக்கு வந்தபின் டாக்டர் கூடாது என்றால், பணம் வீணாகிறதே என்றே பெற்றோர் ஊசி போட்டுக்கொள்ளத் துணிவார்கள். நம் தலைமுறைக்குப் பணத்தை வீணாக்குவது நோயைவிடப் பெரிய பயம். ஆச்சரியம் வேண்டாம்; முதலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். அவர் சொல்வதை வைத்து நாட்டையும் வழியையும் முடிவு செய்யுங்கள். ஊசி போடலாம் என்றால் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். உடம்பு ஒத்துக்கொண்டதா என்று ஊரிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு டிக்கெட் எடுத்தால் விலை கொஞ்சம் கூடியிருக்கும். கூடட்டும். அந்த வித்தியாசத்தை நான் டிக்கெட் விலையாகப் பார்க்கவில்லை, வைத்தியச் செலவில் சேர்த்துவிட்டேன்.