மேலவை இல்லாத மாநிலத்தில் மக்களின் கடமை

சட்டப் பேரவையில் ஒரு சட்ட முன்வடிவு அறிமுகம் ஆவதையும், உறுப்பினர் சிலர் அதன்மீது பேசுவதையும், ‘ஆம்’ என்போர் குரல் ஓங்க அது நிறைவேறுவதையும் நாளிதழின் ஒரு மூலையில் படித்துவிட்டு நாம் கடந்து போகிறோம். அச்சட்டம் நம் வாசற்படியில் வந்து நிற்கும் நாளில்தான், ‘இஃது எப்போது வந்தது?’ என்று ஒருவரை ஒருவர் வினவிக்கொள்கிறோம். வாக்களிப்பதோடு குடிமக்களின் கடமை முடிந்துவிட்டது என்னும் எண்ணமே இந்நிலைக்குக் காரணம் எனலாம். இவ்வெண்ணம் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழகத்திற்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. இங்கிருந்த சட்ட மேலவை 1986ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று நீக்கப்பட்டது. அதன்பின் 234 உறுப்பினர்களைக் கொண்ட பேரவை ஒன்றே சட்டம் இயற்றும் அவையாக உள்ளது. ஓர் அவை அவசரத்தில் நிறைவேற்றியதை மற்றோர் அவை நிதானமாக எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. ஆளுநரின் இசைவு பின்னர் வருவது. அது மக்களின் ஆய்வுக்கு ஈடாகாது. ஆகவே, அந்த மறு ஆய்வை மக்கள்தாம் செய்தாக வேண்டும்.

மன்னனின் காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் பண்பை வள்ளுவர் ‘இறைமாட்சி’யில் வைத்துப் போற்றினார். கலந்தாலோசித்தலின் பெயராலேயே, ‘அஷ்ஷூரா’ என ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் அமைந்துள்ளது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மஹர் தொகைக்கு வரம்பு கட்ட முனைந்தபோது, ஒரு பெண்மணி எழுந்து இறைவசனத்தைக் காட்டி மறுத்ததாகவும், கலீஃபா தம் கருத்தை விலக்கிக்கொண்டதாகவும் சொல்லப்படும் செய்தியை நாம் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அப்பெண்மணி வெறும் கூச்சல் எழுப்பவில்லை. மூல வாசகத்தைக் காட்டிப் பேசினார். நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

இருபுறமும் எழுந்த குரல்கள்

சட்டத்திற்காகவும் எதிராகவும் மக்கள் பேசுவது தமிழகத்திற்குப் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னைச் சட்ட மன்றத்தில் இருந்தபோது, தேவதாசி முறையை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொணர்ந்தார். கோயில் பணிக்கென அப்பெண்களுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலங்களை அப்பணியிலிருந்து விடுவிக்க 1929இல் சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் முன்வடிவு அதனை அடுத்து எழுந்தது. அவையின் வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று ஒழிப்புக்கு ஆதரவு திரட்டினார். மறுபுறம், தேவதாசியர் சங்கங்களும் மனுக்கள் அளித்தன. தங்களை விலைமகளிரோடு சேர்த்து எண்ணுவது தவறு, தங்கள் கலையும் பிழைப்பும் அழியும் என்று அவை வாதிட்டன. முன்வடிவு முழுமையான சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒழிக்கப்பட வேண்டிய முறை அது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், எதிர்த்தவர்களின் மனுவும் ஒரு நன்மை செய்தது. ‘இம்முறை ஒழிந்தபின் இப்பெண்கள் எவ்வாறு வாழ்வது?’ என்னும் வினாவை அது அவையின் முன் வைத்தது. எந்தச் சட்டமாயினும், அதனால் தாக்குறுவோரின் சொல்லைக் கேட்ட பின்னரே துணியப்பட வேண்டும் என்பதற்கு இவ்வரலாறு சான்று.

நம் காலத்து நிகழ்ச்சிகள்

2002ஆம் ஆண்டு அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழகத்தில் முதலில் அவசரச் சட்டமாகவே வந்தது. பேரவை கூடியிராத வேளையில் ஆளுநர் வழியாக அவசரச் சட்டம் பிறப்பிக்க அரசமைப்பின் 213ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே விவாதம் வந்தது. சிறுபான்மையினரும் ஒடுக்கப்பட்ட மக்களும் எதிர்த்தனர். சிறுபான்மைக் கல்வி நிலையங்கள் கதவடைத்தன. எனினும் அம்மாத இறுதியிலேயே பேரவை அதனை நிறைவேற்றியது. 2004 மே மாதத்தில், நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளுக்குப் பின், அதே அரசு அதனை விலக்கிக்கொள்ள முன்வந்தது. எதிர்ப்பு உடனே பயன் தராவிடினும் வீணாவதில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

ஆதரிப்பதற்கும் கணக்கு வேண்டும். 2007இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டினுள் முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் தனித்தனியே 3.5 விழுக்காடு பிரித்தளிக்கப்பட்டது. முஸ்லிம்கள் அதனை வரவேற்றனர். நம் மாணவர் பலர் இன்றும் அதன் வழியே உயர்கல்வி பெறுகின்றனர். கிறித்தவப் பெருமக்களோ மறு ஆண்டே, பொதுத் தொகுப்பில் தாங்கள் பெற்று வந்த இடங்களைவிட இது குறைவு என எடுத்துக்காட்டித் தங்களுக்கான தனி ஒதுக்கீட்டை நீக்குமாறு வேண்டினர், அரசும் நீக்கியது. சலுகை என்று பெயரிட்டு வந்ததையும் எண்ணிப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் தெளிவை நாம் அவர்களிடம் கற்கலாம்.

மூன்றாவது நிகழ்ச்சி அண்மையது. 2023 ஏப்ரல் 12 அன்று தொழிற்சாலைகள் சட்டத்திற்கான தமிழ்நாடு திருத்த முன்வடிவு அறிமுகமாயிற்று. 21ஆம் நாள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிற்று. இடைப்பட்டவை ஒன்பது நாட்களே. அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாள் ஒன்றுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலை நேரத்திற்கு வரம்பு விதித்திருந்தது. அவ்வரம்புகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தரும் 65அ என்னும் புதிய பிரிவே அத்திருத்தத்தின் உயிர். வார மொத்தம் மாறாது, விரும்பும் தொழிலாளர்க்கு மட்டுமே 12 மணி நேர வேலை என்று அரசு தரப்பு விளக்கிற்று. முதலாளியின் எதிரே நிற்கும் தொழிலாளிக்கு ‘விருப்பம்’ என ஒன்று உண்டோ என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. 24ஆம் நாள் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாளில் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இங்கே நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களின் தோல், காலணி ஆலைகளில் உழைக்கும் ஆயிரக்கணக்கானோருள் நம் சகோதர சகோதரியர் எத்துணைப் பேர்! வேலை நேரம் பற்றிய அம்முன்வடிவு எத்தனை ஜமாஅத்துகளில் பேசுபொருளாயிற்று? நம் பெயரைத் தாங்கி வரும் சட்டத்திற்கு மட்டுமே விழித்தெழுவோமானால், நம் வயிற்றைத் தொடும் சட்டங்கள் நம்மைக் கேளாமலே நிறைவேறிவிடும். பிறர் துன்பத்தின்போது பேசாதவர், தம் துன்பத்தின்போது பிறர் பேசவில்லையே என்று குறைகூறவும் இயலாது.

செய்யத்தக்கன

‘மாணவர்க்கு எதற்கு இந்த வேலை? பெரியவர்கள் அமைச்சரைக் கண்டு ஒரு மனு கொடுத்தால் போதாதா?’ என்று கேட்போர் உளர். பெரியோரின் தொடர்பும் அனுபவமும் வேண்டுவனவே. ஆனால், முன்வடிவின் எந்தப் பிரிவு, எந்தச் சொல், எவ்வாறு மாற வேண்டும் என்று குறிப்பிடாத மனு பொன்னாடையோடு மறக்கப்படும். சொல்லின் பொருளறிந்து வாசிப்பதே தமிழ் பயில்வோரின் தொழில். ‘லாம்’ என்று முடியும் விதிக்கும் ‘வேண்டும்’ என்று முடியும் விதிக்கும் உள்ள வேறுபாடு ஒரு தொழிலாளியின் வாழ்நாளையே மாற்றக்கூடும். இதனை எடுத்துரைக்கத் தமிழ் மாணவரினும் தக்கவர் யார்?

எனவே, பேரவைக் கூட்டத்தொடர் தோறும் நம் தமிழ்த் துறை மாணவர் ஒரு வாசிப்புக் குழு அமைத்தல் நன்று. முன்வடிவின் வாசகத்தையும் அதனோடு இணைந்த நோக்க காரண விளக்கத்தையும் பெற்று, ஒரு பக்க அளவில் எளிய தமிழில் சுருக்கி, ஜமாஅத் அறிவிப்புப் பலகையிலும் நூலகத்திலும் வைக்கலாம். தாக்குறுவோர் யார் என்று தேடிச் சென்று, குறிப்பாகப் பெண்களிடம், கருத்துக் கேட்கலாம். ஆதரவாயினும் எதிர்ப்பாயினும், விவாதம் நடப்பதற்கு முன்னரே தொகுதி உறுப்பினரைக் கண்டு, அவர் முன்மொழியத்தக்க திருத்தத்தை எழுத்தில் தரலாம். நிறைவேறிய பின் எழும் முழக்கத்தைவிட, நிறைவேறுமுன் தரப்படும் ஒரு வரித் திருத்தம் வலிமையுடையது. பேரவையின் மனுக்கள் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முறையையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. பொறுமையும் வாசிப்பும் போதும். நாளை ஒரு சட்டம் நம் தெருவுக்கு வரும்போது, ‘இஃது எப்போது வந்தது?’ என்று கேட்கும் கூட்டமாக நாம் இருத்தலாகாது. ‘இதனை முன்பே படித்தோம்; இன்ன பிரிவு இன்னவாறு மாற வேண்டும் என்று உரைத்தோம்’ என்று சொல்லத்தக்க சமுதாயமாக நாம் வளர வேண்டும். அதற்கான முதல் குழு இக்கல்லூரியின் தமிழ்த் துறையிலிருந்து இவ்வாண்டே எழட்டும். வல்ல இறைவன் துணைநிற்பானாக!