கடைசி இலக்கம் ஏன் சேர்வதில்லை?



போன கிழமை அக்குறணை பஸ்ஸில் ஒரு தகப்பனைச் சந்தித்தேன். மகன் உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கிறார். "சேர், மகன் பத்து வருஷ பாஸ்ட் பேப்பரும் செய்து முடிச்சிட்டான். ஆனா பைதன் கேள்வி வந்தா பிழைக்குது. இன்னொரு கிளாஸ் போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம் சொல்லி முடிப்பதற்குள் இறங்க வேண்டியதாயிற்று. இதே கேள்வியோடு நம்மூரில் இன்னும் பெற்றோர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று: பட்டியலிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுப்பது. நமக்குத் தெரிந்த பட்டியலையே எடுப்போம்.

தொழுகை = ['ஸுபஹ்', 'ளுஹர்', 'அஸர்', 'மஃரிப்', 'இஷா']

(பைதன் 3 இல் மாறியின் பெயரைத் தமிழிலும் வைக்கலாம். அப்படியே தட்டிப் பாருங்கள், வேலை செய்யும்.)

எண்ணுவது பூச்சியத்திலிருந்து. ஸுபஹ் 0, மஃரிப் 3, இஷா 4. இப்போது தொழுகை[0:3] என்று கொடுத்தால் ஸுபஹ், ளுஹர், அஸர் மூன்றும் வரும். 3 என்று எழுதியும் மஃரிப் வராது. ஏன்?

"கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கழிக்கணும் சேர்" என்பார்கள் பிள்ளைகள். பாடமாக்கிய பதில். தொழுகை[-2:] என்று கேட்டால் கழிக்க இலக்கமே இல்லை, பிள்ளை நின்றுவிடும். (விடை மஃரிப், இஷா. கடைசி இரண்டு.)

பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்து வருகிறார்கள். அது நிக்லவுஸ் விர்த் 1970 இல் வெளியிட்ட மொழி. அங்கே 1 முதல் 5 வரை என்று சுற்றினால் 5 உம் சேரும். பைதனில் சேராது. இந்த மாற்றத்தை யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும்.

நான் விளக்குவது இப்படி. நோன்பு ஸுபஹிலிருந்து மஃரிப் வரை என்கிறோம். மஃரிப் அதான் சொன்னதும் திறந்துவிடுகிறோம். மஃரிப் எல்லை மட்டும்தான், அது நோன்புக்குள் இல்லை. நோன்போடு தொழும் பர்ளுகள் மூன்று: ஸுபஹ், ளுஹர், அஸர். அதுதான் தொழுகை[0:3].

பிறகு ஒரு கடதாசித் துண்டில் ஐந்து பெட்டி வரையச் சொல்வேன். இரு ஓரங்களையும் சேர்த்து ஆறு கோடுகள். அவற்றுக்கு 0 முதல் 5 வரை இலக்கமிட வேண்டும். [0:3] என்றால் 0 ஆம் கோட்டிலும் 3 ஆம் கோட்டிலும் கத்தரிக்கோல் வைப்பது. அவ்வளவுதான். கழித்தல் தேவையில்லை.

இதில் இரண்டு வசதிகள் உண்டு. 3இலிருந்து 0ஐக் கழித்தால் எத்தனை வரும் என்பது உடனே தெரியும். [0:3], [3:5] இரண்டையும் ஒட்டினால் ஒன்றும் விடுபடாது, ஒன்றும் இரண்டு தடவை வராது. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982 இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில், பூச்சியத்திலிருந்து எண்ணி முடிவெல்லையைச் சேர்க்காமல் விடும் இந்த முறைக்காகத்தான் வாதிட்டார்.

என்னைப் பயப்படுத்துவது வேறு விடயம். தொழுகை[5] என்று கேட்டால் பைதன் பிழை என்று சொல்லும். தொழுகை[3:10] என்று கேட்டால் சொல்லாது. இருக்கிற இரண்டைத் தந்துவிட்டு மௌனமாக இருக்கும். தொழுகை[7:9] என்றால் வெறும் பட்டியல் வரும். விதியைப் பாடமாக்கிய பிள்ளை, திரையில் சிவப்பு எழுத்து இல்லையென்றால் சரி என்று நம்பிவிடும். நாளை ஒரு வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ நிரல் எழுதப்போகும் பிள்ளை அது. ஒருவருடைய பெயர் பட்டியலில் விடுபட்டாலும் இயந்திரம் எச்சரிக்காது.

அதனால் என் அபிப்பிராயம் இது: பாஸ்ட் பேப்பர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பயிற்சி. விளங்கிய பிறகு செய்தால் பயன் தரும். விளங்காமல் செய்தால் பத்து வருஷப் பிழையையும் பழகிக்கொள்வதாகத்தான் முடியும். ஆசிரியர்களான நாமும் நிரலை ஓட்டுவதற்கு முன் "என்ன வரும்?" என்று கொப்பியில் எழுத வைக்க வேண்டும். பிறகு ஓட்டட்டும். பிழைத்தால் ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும். பாடத்திட்டம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. இன்றிரவு ஒரு கடதாசியும் கத்தரிக்கோலும் கொடுத்து, "[1:4] வெட்டிக் காட்டு மகன், ஏன் அப்படி?" என்று கேளுங்கள். தயங்காமல் சொன்னால் அல்ஹம்துலில்லாஹ். தடுமாறினால், புது டியூஷனுக்குக் காசு கட்டும் முன் பாடசாலை ஆசிரியரிடம் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.