சிப்பிக்கு ஒட்டுற ஸ்டிக்கர் யாருக்காக?

கலிபோர்னியா: ஐஸ் மேல சிப்பியை அடுக்கி வைத்து விற்கும் மீன் கடைக்காரருக்கு இங்கே இரண்டு பயம். சரக்கு கெட்டுப் போயிடுமோ என்பது ஒன்று. வக்கீல் நோட்டீஸ் வந்துடுமோ என்பது இன்னொன்று!

எல்லாம் புரொபசிஷன் 65 படுத்தும் பாடு. 1986ல் பொதுமக்களே ஓட்டுப் போட்டு கொண்டு வந்த சட்டம் இது. புற்றுநோய், பிறவிக்கோளாறு வரவழைக்கும் ரசாயனங்கள் என சுமார் 900 பெயர்களை மாநில அரசு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஒன்று அளவுக்கு மேல் உடம்புக்குள் போகும் என்றால் விற்பவர் முன்கூட்டியே எச்சரிக்கணும். 10 பேருக்கு குறைவாக வேலை பார்க்கும் கடைக்கு மட்டும் விலக்கு.

சிப்பி இதில் எப்படி மாட்டியது? கடல் தண்ணியை உறிஞ்சி வடிகட்டித்தான் அது சாப்பிடும். தண்ணியில் இருக்கும் காட்மியமும் ஈயமும் சதையில் தங்கிடும். காட்மியத்துக்கு சட்டம் வைத்த வரம்பு நாளைக்கு 4.1 மைக்ரோகிராம். ஈயத்துக்கு வெறும் 0.5.

'இயற்கையாகவே இருக்கிறது' என்றால் கணக்கில் சேராது. ஆனா நிரூபிக்க வேண்டியது வியாபாரி! டின் சூரை மீனில் உள்ள பாதரசம் இயற்கையானதுதான் என்று 2009ல் அப்பீல் கோர்ட் ஏற்றது. அதுக்காக பெரிய கம்பெனிகளே வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. சின்ன வியாபாரி எங்கே போவார்?

அரசுதான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து கேஸ் போடலாம். ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 2,500 டாலர் வரை அபராதம். அதில் கால் பங்கு கேஸ் போட்டவருக்கு. எதுக்கு வம்பு என்று, சோதனை செய்யாமலே ஸ்டிக்கர் ஒட்டிடறாங்க.

சட்டத்தால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. புளி, மிளகாய் மிட்டாயில் ஈயத்தை குறைக்க 2006ல் கம்பெனிகள் ஒத்துக்கொண்டது இதனால்தான். மிட்டாய்க்காரர் சரக்கை மாற்றலாம். சிப்பிக்காரர் கடலை மாற்ற முடியுமா?

இன்னொரு கணக்கும் இருக்கு. பச்சை சிப்பியில் உடனடியாக ஆளைக் கொல்வது காட்மியம் இல்லை, விப்ரியோ கிருமி. மெக்சிகோ வளைகுடா சிப்பிக்கு 1991லேயே தனி எச்சரிக்கை போர்டு வைத்தார்கள். சாவு நிற்கவில்லை. 2003ல், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கிருமி நீக்காத வளைகுடா சிப்பியை விற்கவே தடை போட்டார்கள். அதுக்கப்புறம்தான் மளமளவென குறைந்தது.

சரி, ஸ்டிக்கர் ஒட்டுவது யார் வேலை? முதல் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும். அவர்கள் எழுத்துமூலம் தகவலும் எச்சரிக்கை வாசகமும் அனுப்பிவிட்டால், பார்வையில் படும்படி வைப்பது கடைக்காரர் பாடு. ஆன்லைனில் விற்றால் பணம் கட்டுவதற்கு முன்பே காட்டணும்.

நம்மாளுங்க கடைக்கும் ஒரு சேதி. காய்ந்த இறால் பாக்கெட் லேபிளில் சமைக்கும் முறையை தமிழில் போட்டிருந்தால், அதில் வரும் எச்சரிக்கையும் தமிழில் இருக்கணும். எந்த ரசாயனம் என்றே சொல்லாத பழைய சுருக்க வாசகத்துக்கு 2028 ஜனவரி 1 வரைதான் கெடு. அதற்குப் பிறகு தயாராகும் பாக்கெட்டில் ஒரு ரசாயனத்தின் பெயராவது இருந்தே ஆகணும்.