மறைக்க ஒன்றுமில்லை என்போருக்கு

சென்ற மாதம் நம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு சிறு பொருள் பெரும் வாக்குவாதமாக முடிந்தது. ஆலய உண்டியல் உடைக்கப்பட்டதை அடுத்து, கண்காணிப்புக் கேமராக்கள் எட்டு வாங்கவேண்டும் என்றனர். வாயிலில் மட்டுமன்று, ஆலயத்தின் உள்ளேயும், பாவசங்கீர்த்தனத்திற்கு மக்கள் வரிசையில் நிற்கும் பக்கச் சிறகிலும் அவற்றைப் பொருத்தவேண்டும் என்பது உறுப்பினர் சிலரின் விருப்பம். அக்காட்சிகளைப் பேரவையினர் ஐவர் தத்தம் கைப்பேசியிலேயே எந்நேரமும் பார்த்துக்கொள்ளலாமாம். வாயிலுக்குச் சரி என்றோம். பாவசங்கீர்த்தன வரிசைக்கு ஆகாது என்றோம். அப்போது பனியன் தொழிலில் முப்பது ஆண்டுப் பழக்கமுள்ளவரும் நாம் பெரிதும் மதிப்பவருமான பெரியவர் ஒருவர் எழுந்து, "மறைக்க ஒன்னுமில்லாதவனுக்கு என்னங்க சாமி பயம்?" என்றார். கூட்டம் தலையாட்டிற்று.

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்தே இன்று எழுத முற்படுகிறோம். அதைச் சொன்ன பெரியவரை எதிர்த்தன்று. அவர் அதை ஆக்கியவர் அல்லர், காற்றிலிருந்து எடுத்துக்கொண்டவர். கம்பெனி வாசலில் விரல்ரேகை வைக்கச் சொல்லும்போதும், பெண்கள் விடுதிக் கூடத்தில் கேமரா மாட்டும்போதும், கைப்பேசியில் ஒரு செயலி நம் வீட்டுக் கதவையெல்லாம் திறந்துவிடச் சொல்லும்போதும் இதே வாக்கியந்தான் ஓதப்படுகிறது. கேட்போர் வாயடைத்துப் போகின்றனர். மறுத்துப் பேசினால், "அப்படியென்றால் உம்மிடம் ஏதோ இருக்கிறது" என்றாகிவிடுகிறதே! வாதத்தில் வெல்வதற்கு இதைவிட எளிய வழி இல்லை. உண்மையை அடைவதற்கு இதைவிடக் கெட்ட வழியும் இல்லை.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற காலத்தில் தருக்கவியலின் முதற்பாடங்களிலேயே நாம் கடந்துவந்த பிழை இது. திருடன் மறைக்கிறான், இவனும் மறைக்கிறான், ஆகவே இவனும் திருடன். நம் ஊர் வழக்கில் சொல்வதானால், சாயப்பட்டறையில் வேலை செய்பவன் கை நீலமாயிருக்கும்; இச்சிறுவனின் கையும் நீலமாயிருக்கிறது; ஆகவே இவனும் சாயப்பட்டறைக்குப் போகிறான் என்பது போன்றது. சிறுவனின் பேனா கசிந்திருக்கலாம் அன்றோ? தீமையை மறைப்போர் உண்டு. அதிலிருந்து மறைக்கப்படுவதெல்லாம் தீமை என்று பெறப்படாது. குளிக்கும் அறைக்குத் தாழ் போடுகிறோம். வாக்குச்சாவடியில் தட்டி வைத்து மறைக்கிறோம். அந்தப் பெரியவரிடமே கேட்டோம்: "உங்கள் கம்பெனிக் காஸ்டிங் தாளை, எந்தப் பையருக்கு என்ன விலை என்பதை, பக்கத்துக் கம்பெனிக்காரரிடம் காட்டுவீர்களா?" சிரித்தார். "அது தொழில் இரகசியங்க சாமி" என்றார். தொழிலுக்கு இரகசியம் உண்டாம், ஆன்மாவுக்குக் கிடையாதாம்!

நற்செய்தியைத் திறந்து பார்ப்போம். மத்தேயு தம் முதல் அதிகாரத்தில் சூசையப்பரை நேர்மையாளர் என்று அறிமுகப்படுத்திய கையோடு, மரியாவை மறைவாக விலக்கிவிட அவர் எண்ணியதைச் சொல்கிறார். நேர்மையாளராய் இருந்தும் மறைக்க நினைத்தார் என்றன்று. நேர்மையாளராய் இருந்தமையால் மறைக்க நினைத்தார் என்பதே அங்குள்ள பொருள். அவர் மறைக்க எண்ணியதில் தம்முடையது எதுவுமில்லை என்பதை வாசகர் கருதவேண்டும். தமக்கு அவமானம் நேர்ந்ததாக எண்ணிய வேளையிலும் பிறருடைய பெயரைக் காக்க முனைந்தார். ஊரறியச் சொல்லியிருந்தால் சட்டம் அவர் பக்கமே நின்றிருக்கும். குற்றம் செய்த சகோதரனை முதலில் தனிமையில் கண்டு பேசுமாறு ஆண்டவர் பணித்ததும் (மத்தேயு 18) இதே வழியில்தான்.

இவ்விடத்தில் விவிலியம் அறிந்த உறுப்பினர் ஒருவர் லூக்கா 12ஆம் அதிகாரத்தை நினைவூட்டினார். வெளிப்படாமல் மூடியிருப்பது ஒன்றுமில்லை என்று இயேசுவே சொல்லவில்லையா என்றார். சொன்னார். ஆனால் எதைப்பற்றிச் சொன்னார்? பரிசேயரின் வெளிவேடத்தைப்பற்றி. யார் வெளிப்படுத்துவார்? கடவுள். கடவுள் எல்லாம் காண்கிறார், ஆகவே மனிதரும் எல்லாம் காணலாம் என்பது எத்தகைய பாய்ச்சல்! நம் எலும்பு உருவாகுமுன்பே நம்மை அறிந்தவர், அறிந்ததை யாரிடமும் விற்பதில்லை. ஏழாம் நாள் தவணை கேட்டு மிரட்டுவதுமில்லை.

தவணை என்றதற்குக் காரணம் உண்டு. இனிச் சொல்வதை உரியவரின் இசைவு பெற்று, அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம்.

நம் பங்கில் ஒரு சகோதரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்ததை அடுத்து, நம் ஊரில் ஆர்டர்கள் நின்றும் குறைந்தும் போன மாதங்களை வாசகர் மறந்திருக்கமாட்டீர். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்களுக்கு ஒரு ஷிப்டே அரிதாயிற்று. சனிக்கிழமைச் சம்பளம் மளிகைக்கடைப் பாக்கிக்கே போதவில்லை. அந்நாளில் அச்சகோதரி, குறுஞ்செய்தியில் வந்த இணைப்பொன்றைத் தொட்டு ஒரு கடன் செயலியை இறக்கிக்கொண்டார். அது கேட்டது நான்கு அனுமதிகள்: தொடர்பு எண்கள், புகைப்படங்கள், கேமரா, இருக்குமிடம். நான்குக்கும் 'சரி' என்று அழுத்தினார். 5,000 ரூபாய்க் கடனில் கட்டணம் போகக் கைக்கு வந்தது 3,000 ரூபாய்ச் சொச்சம். ஏழாம் நாள் முழுத்தொகையும் கேட்டனர். எட்டாம் நாள், அவர் கைப்பேசியில் இருந்த எண்கள் அனைத்துக்கும் அவருடைய முகம் ஒட்டப்பட்ட ஓர் ஆபாசப் படமும், இவர் மோசடிக்காரி என்ற வாசகமும் போயின. பிள்ளையின் ஆசிரியைக்குப் போயிற்று. அன்பியப் பொறுப்பாளருக்குப் போயிற்று. கம்பெனி மேஸ்திரிக்கும் கொழுந்தனுக்கும் போயிற்று. 'பங்குச்சாமி' என்ற பெயரில் எண் பதிவாகியிருந்த நமக்கும் வந்தது.

"எங்கிட்ட மறைக்கறதுக்கு என்னங்க சாமி இருக்குதுன்னு நெனச்சுத்தாங்க அழுத்துனேன்" என்றார். பேரவைக் கூட்டத்தில் பெரியவர் சொன்ன வாக்கியத்தை நாம் ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தோம் என்பது இப்போது வாசகருக்குப் புரிந்திருக்கும்.

அவரிடம் மறைக்க ஒன்றும் இல்லாமலிருந்திருக்கலாம். ஆனால் அவர் திறந்துவிட்டது தம் வீட்டை மட்டுமன்று. அவர் கைப்பேசியில் இருந்த ஒவ்வோர் எண்ணும் வேறொருவருடையது. அவர்களில் எவரும் அனுமதி தரவில்லை. எவரிடமும் கேட்கவும் இல்லை. "என் கைப்பேசி, என் விருப்பம்" என்ற பேச்சின் பொய் இங்கேதான் அடங்கியுள்ளது. அச்சகோதரியைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பசியில் அழுத்தியவரைவிட, பசியில்லாமலே நாள்தோறும் அழுத்துகிற நாம்தாம் பொறுப்புச் சொல்லவேண்டியவர்கள். இரண்டு வாரம் சென்றபின் நம் பெரியவரே கலங்கிய முகத்தோடு வந்தார். அவர் மருமகளுக்கும் அக்கும்பலிடமிருந்து அழைப்புகள் வந்துவிட்டன. "எங்க வீட்டுப் பொண்ணு நம்பர் அவனுங்களுக்கு எப்படிங்க சாமி போச்சு?" என்றார். அச்சகோதரியும் அவர் மருமகளும் பாடற்குழுவில் சேர்ந்து பாடியவர்கள். அவ்வழியாகத்தான் போயிற்று.

இதைவிட நம்மை நோகச் செய்தது பங்கு மக்கள் நடந்துகொண்ட விதம். "போட்டோவே வந்திருக்குதுங்களே" என்றவர் ஒருவர் இருவர் அல்லர். திருப்பூரில் வாழ்ந்துகொண்டு இப்படிப் பேச எப்படித் துணிந்தனர்? 2023 மார்ச்சில் நடந்தது நினைவில்லையா? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் வடநாடெங்கும் பரவின. அவை பொய் என்று தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநர் அறிவித்தார். ஒரு காட்சி திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினர் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகள் இருவர் இடையே நடந்த சண்டை. பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது. அதற்குள் அஞ்சி நடுங்கிய தொழிலாளர் எத்தனை பேர், ஊரில் உறங்காத தாய்மார் எத்தனை பேர்! காட்சி மெய்யாயிருந்தும் சொல்லப்பட்ட செய்தி பொய்யாயிருக்கலாம் என்று அன்று நம் ஊருக்காக நாடெங்கும் எடுத்துச் சொன்னோம். நம் பங்கின் ஓர் ஏழைப் பெண்ணுக்காக அதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. இங்கோ படமே போலி.

இனி நம் தவற்றையும் சொல்லிவிடுதல் முறை. 2020இல் ஆலயங்கள் பூட்டப்பட்டபோது, இணையவழித் திருப்பலிக்காகக் குடும்பங்கள் அனைத்தின் எண்களையும் வாங்கி நம் கைப்பேசியில் பதிந்துகொண்டோம். நினைவுக்கு உதவும் என்று பெயர்களோடு சில குறிப்புகளையும் சேர்த்தோம். 'கணவர் பிரிந்தவர்', 'குடி, இரவில் பேசவேண்டாம்', 'இரண்டாம் மகள் கலப்புமணம்' என்றவாறு. மேய்ப்புப்பணிக்கு அவை தேவைப்பட்டன என்று இன்றும் கருதுகிறோம். பின்னர், அறியாத எண்ணிலிருந்து அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி ஒன்றை நண்பர் ஒருவர் பரிந்துரைக்க, அதை ஏற்றினோம். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்று கேட்டது. நாமும் அழுத்தினோம். பலருடைய தொடர்புப் பட்டியல்களைத் திரட்டித்தான் இத்தகைய செயலிகளிற் சில பெயர்களைக் காட்டுகின்றன என்பதைப் பிறகே படித்தறிந்தோம். எந்தக் குறிப்பு எங்கே போயிற்று என்பதை இனி யாரறிவார்? அவற்றில் ஒன்றும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று; அவ்வளவில் நம் வாக்குப் பிழைக்கவில்லை. ஆயினும் ஒருவர் திண்ணையில் அமர்ந்து கண்ணீரோடு சொன்னதை நாம் வைத்திருந்த இடம் சந்தையாகிவிட்டது.

திருச்சபை இப்பொருளில் அறியாமையில் இருந்ததில்லை. 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ ஒப்புரவுத் தொட்டிக்குத் தட்டியும் சல்லடையும் விதித்தார். விரும்புவோருக்கு நிலையான சல்லடை கிட்டவேண்டும் என்று இன்றைய திருச்சபைச் சட்டமும் (எண் 964) கேட்கிறது. பாவசங்கீர்த்தனத்தைக் கருவிகொண்டு பதிவுசெய்வோர்க்கு எதிராக விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1973இலேயே ஆணை பிறப்பித்தது. கைப்பேசி பிறவாத காலம் அது! எவருடைய நற்பெயரையும் முறையின்றிக் கெடுத்தலாகாது, தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையை மீறலாகாது என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 220ஆம் எண். நம் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டு 24 அன்று. முப்பத்து நான்கு ஆண்டு முன்னரே சட்டம் பெற்றிருந்த நாம், இன்று கேமரா விற்பவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அரசின் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பர் சிலர். கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொடர்பு எண்களைத் தொடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. கூகுள் நிறுவனமும் தன் கடையிலுள்ள கடன் செயலிகளுக்கு 2023 மே 31 முதல் அத்தடையை வைத்தது. கும்பல்கள் கடையை விட்டுக் குறுஞ்செய்தி வழியே வரத் தொடங்கின. தனிநபர் தரவுக் காப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. விதிகள் வெளிவந்தது 2025 நவம்பரில். அச்சட்டமும், ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகவும் இல்லத் தேவைக்காகவும் கையாளும் விவரங்களைத் தன் வரம்புக்குள் கொணரவில்லை. அங்கே மனச்சான்றை விட்டால் வேறு காவல் இல்லை.

கைப்பேசியைக் கிணற்றில் எறியச் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். ஒடிசாவிலிருந்து வந்த பவர்டேபிள் தையல்காரர் இரவு பத்து மணிக்குத் தாயின் முகத்தை அதில்தான் பார்க்கிறார். சம்பளம் வந்துசேர்ந்த விவரத்தை அதில்தான் அறிகிறார். ஆனால் தொழில்நுட்பம் கத்தியைப் போன்றது, நன்மையும் தீமையும் பிடிப்பவன் கையில் என்று நம் மறையுரைகளில் சொல்லிவருகிறோமே, அதை இனிமேலாவது நிறுத்தலாம். நாமும் பலமுறை சொன்னவர்தாம். எந்தக் கத்தி, தன்னால் என்னென்ன அறுக்கப்பட்டது என்று கொல்லனுக்குச் செய்தி அனுப்புகிறது?

நம் கைப்பேசியிலிருந்த குறிப்புகளை இரண்டு இரவுகள் உட்கார்ந்து அழித்தோம். பெயர்களும் எண்களும் மட்டுமே இப்போது உள்ளன. குறிப்புகள் மேசை அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டில், பூட்டின் கீழ். அச்சகோதரி பாடற்குழுவுக்குத் திரும்பவில்லை. இரண்டாம் திருப்பலிக்கு வந்து, முடியுமுன் எழுந்து போய்விடுகிறார். பெரியவரின் மருமகள் ஒருமுறை பின்னாலேயே சென்று வாயிலில் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டோம். என்ன பேசினர் என்று நாம் கேட்கவில்லை.

வாயிலில் இரண்டு கேமராக்கள் பொருத்தியாயிற்று. உள்ளே வைப்பது பற்றிய தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. பெரியவர் இன்னும் முழுதாக இணங்கவில்லை. உண்டியலுக்கு நேராக மட்டும் ஒன்று வைக்கலாமே என்கிறார். உண்டியலை வாயிலருகே நகர்த்திவிடலாம் என்பது நம் கருத்து.